இரண்டு துவக்குகள், ஒரு தாழ்ப்பாள்

என் வீட்டு நிலவறையில் ஓர் இரும்பு அலுமாரி இருக்கிறது. நோர்வேயில் துவக்கு வைத்திருப்பவர் அதை இப்படிப் பூட்டித்தான் வைக்கவேண்டும் என்பது சட்டம். துவக்கு என்று ஈழத்தில் நாங்கள் சொல்வது துப்பாக்கியைத்தான். அலுமாரிக்குள் இரண்டு வேட்டைத் துவக்குகள் அருகருகே நிற்கின்றன. இரண்டும் 6.5×55 என்ற ஒரே தோட்டாவைச் சுடுபவை. இரண்டிலும் ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் போல்ட்டை உயர்த்தி, இழுத்து, தள்ளி, தாழ்த்த வேண்டும். ஒன்று மௌசர், அதன் அமைப்பு 1898-இல் பிறந்தது. மற்றது டிக்கா, 2003-இல் சந்தைக்கு வந்தது.

எது நல்லது என்று வேட்டைக் குழுவில் புதிதாகச் சேருபவர்கள் என்னைக் கேட்பதுண்டு. முன்பெல்லாம் இலக்குத் தாளில் விழுந்த துளைகளைக் காட்டிப் பதில் சொல்வேன். இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரு துவக்கைச் செய்தவர் எதற்குப் பயந்தார் என்று தேடிப்போனால், அதன் ஒவ்வொரு வளைவும் துளையும் ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடுகிறது. இந்த இரண்டையும் செய்தவர்களின் பயங்கள் வெவ்வேறு.

முதலில் அந்தத் தாழ்ப்பாள். போல்ட் என்பதைப் புரிந்துகொள்ள ஊர் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்தால் போதும். உருண்டையான கம்பி, அதில் ஒரு கைபிடி. கைபிடியை நிமிர்த்தினால் கம்பி நகரும், மடக்கினால் பூட்டிக்கொள்ளும். போருக்குப் பயன்பட்ட முதல் போல்ட் துவக்கைச் செய்த யோஹான் டிரைசே, ஜேர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். அவருடைய துவக்கைப் பிரஷ்ய அரசு 1841-இல் ஏற்றுக்கொண்டது. பூட்டுப் பட்டறையில் வளர்ந்த கைக்கு அந்த வடிவம் இயல்பாக வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இந்தத் தாழ்ப்பாள் தாங்கவேண்டிய கதவு லேசானதல்ல. விசையை இழுத்ததும் ஊசி பாய்ந்து, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் மூட்டியைத் தட்டுகிறது. உள்ளே மருந்து எரிகிறது. 6.5×55 தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 3,800 பார். கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல். அந்த அழுத்தம் தோட்டாவின் உள்ளடியில் செயல்படும் பரப்பைக் கணக்கிட்டால், போல்ட்டின் முகத்தைப் பின்னோக்கித் தள்ளும் விசை மூன்று டன்னுக்கு மேல் வரும். வளர்ந்த பெண் யானை ஒன்று, உங்கள் கன்னத்துக்கு ஒரு சாண் முன்னால் இருக்கும் உருக்குக் கம்பியில் ஏறி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது நிற்பது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வினாடிதான். அதற்குள் சன்னம், அதாவது குண்டு, குழலை விட்டுப் போய்விடும்.

இந்த விசையைத் தாங்குவது போல்ட்டின் முன்முனையில் பிதுங்கியிருக்கும் இரண்டு உருக்குக் காதுகள். கைபிடியைத் தாழ்த்தும்போது அவை சுழன்று, துவக்கின் உடலில் வெட்டப்பட்ட பள்ளங்களுக்குள் போய் மாட்டிக்கொள்கின்றன. காதுகள் போல்ட்டின் பின்பக்கத்தில் இருந்தால் நீளமான கம்பி முழுவதும் அமுங்கும். முன்னால் இருந்தால் அமுங்கக்கூடிய நீளம் மிகச் சிறிது. மௌசரும் டிக்காவும் இதில் ஒன்றுபடுகின்றன. ஆனால் வாயுவைப் பூட்டி வைப்பது காதுகள் அல்ல. அந்த வேலையைத் தோட்டாவின் பித்தளை உறை செய்கிறது. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த அந்தப் பித்தளை, அழுத்தத்தில் விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி அடைத்துவிடுகிறது. அழுத்தம் குறைந்ததும் சற்றே சுருங்கி, இழுத்தால் வெளியே வரும் அளவுக்கு விடுபடுகிறது. பித்தளை அடைக்கும்வரை எல்லாம் நலம்.

அடைக்காவிட்டால்? பவுல் மௌசரின் பயம் இங்கேதான் இருந்தது.

ஜேர்மனியின் ஓபர்ன்டோர்ஃப் நகரத்தில் அவர் முடித்த 1898-ஆம் ஆண்டு அமைப்பு, அதற்கு முன் அவர் செய்த பல துவக்குகளின் குறைகளைத் திருத்தியது. அக்காலத்துப் பித்தளையும் மூட்டியும் நம்பத்தக்கவை அல்ல. உறை கிழிந்தால் கொதிக்கும் வாயு போல்ட்டின் உட்குழாய் வழியே பின்னால் பாய்ந்து, சுடுபவரின் கண்ணைத்தான் முதலில் தேடும். ஆகவே மௌசர் போல்ட்டின் உடலில் இரண்டு நீள்வட்டத் துளைகளை வெட்டினார். பின்னால் வரும் வாயு அவற்றின் வழியே பக்கவாட்டில் வெளியேறிவிடும். மிஞ்சியது கண்ணுக்கு வராமல் தடுக்க, போல்ட்டின் பின்முனை மூடியை அகலமான கேடயம்போல் விரித்தார். இரண்டு காதுகளும் முறிந்தால் என்ன செய்வது என்று மூன்றாவது காது ஒன்றைப் பின்னால் வைத்தார். வழக்கமான நாட்களில் அது எதையும் தொடுவதில்லை. சிறு இடைவெளி விட்டு வெறுமனே காத்திருக்கிறது. என் துவக்கிலும் அது பல பத்தாண்டுகளாக ஒரு வேலையும் செய்யாமல் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1901-இல், தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் புதிய துவக்கு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது நேர்ந்த விபத்தில் பவுல் மௌசர் தமது இடது கண்ணை இழந்தார். அந்தத் துளைகளைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

என் மௌசர் வேட்டைக்காகப் பிறந்ததல்ல. 1945 மே மாதம் ஜேர்மன் படை சரணடைந்தபோது நோர்வேயில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஜேர்மன் வீரர்கள் இருந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற துவக்குகளை நோர்வே எடுத்துக்கொண்டது. பல குழல் மாற்றப்பட்டு ஊர்க்காவல் படைக்குப் போயின. பல, காலப்போக்கில் புதிய கட்டையும் தொலைநோக்கியும் பெற்று எல்க் வேட்டைக்கு வந்தன. எல்க் என்பது இந்த வடக்குக் காடுகளின் மிகப் பெரிய மான். வளர்ந்த ஆண் 400 கிலோவைத் தாண்டும். ஆக்கிரமிக்க வந்தவனின் துவக்கைக் கொண்டு குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்த்த ஒரு தலைமுறை இங்கே இருந்தது. ஒரு முதிய அயலவரின் கையில் இருந்து, பொலிஸ் அனுமதியோடு, அப்படிப்பட்ட ஒன்று என்னிடம் வந்தது.

மௌசரின் இரண்டாவது பயம் மனிதனின் பதற்றம். இதற்கு அவர் தந்த விடை, போல்ட்டின் பக்கத்தில் நீளமாகப் படுத்திருக்கும் உருக்கு நகம். மகசினில் இருந்து தோட்டா மேலெழும்பும் கணத்திலேயே அதன் விளிம்பு இந்த நகத்துக்குள் வழுக்கி ஏறிவிடுகிறது. அதன் பிறகு தோட்டா போல்ட்டின் கைதி. முன்னே தள்ளினாலும் பாதியில் பின்னே இழுத்தாலும் அதனோடே போகும், வரும். இப்போதைய துவக்குகளில் பெரும்பாலானவற்றில் தோட்டா வெறுமனே முன்னால் தள்ளப்பட்டு அறைக்குள் போகிறது. போல்ட் முழுவதும் மூடும்போதுதான் சிறு கொக்கி ஒன்று விளிம்பைத் தாண்டிக் கவ்வுகிறது.

வித்தியாசம் எப்போது தெரியும்? நான் வேட்டை பழகிய முதல் ஆண்டில், இரவல் வாங்கிய ஒரு துவக்கோடு மழையில் நின்றிருந்தேன். எல்க் ஒன்று வெட்டவெளிக்கு வந்தது. போல்ட்டை முன்னே தள்ளினேன், ஆனால் கைபிடியைத் தாழ்த்தவில்லை. மூடியதாக நினைத்து மறுபடி இழுத்துத் தள்ளிவிட்டேன். முதல் தோட்டா அறைக்குள்ளேயே கிடந்தது, ஏனென்றால் கொக்கி அதை இன்னும் கவ்வவில்லை. இரண்டாவது தோட்டாவின் கூர்முனை முதலாவதன் அடியில் போய் முட்டி நின்றது. அந்த அடியில்தான் மூட்டி இருக்கிறது என்பதை நினைத்தபோது முதுகு சில்லிட்டது. வேட்டைத் தலைவர் வந்து மகசினைக் கழற்றி, தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுக்கும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நகம் உள்ள துவக்கில், நான் இழுத்த முதல் இழுப்பிலேயே அந்தத் தோட்டா வெளியே வந்திருக்கும்.

ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டின் புகழ்பெற்ற .275 ரிக்பி துவக்கும் இந்த மௌசர் அமைப்பின்மேல் கட்டப்பட்டதே. சம்பாவத்தின் ஆட்கொல்லிப் புலியை 1907-இல் அவர் கொன்றதற்காகப் பரிசாக வந்தது அது. ஆபத்தான விலங்குகளைத் தேடிப் போனவர்கள் இந்த நகத்தை ஏன் அவ்வளவு நம்பினார்கள் என்பதை அந்த மழைநாள் எனக்குச் சொல்லித்தந்தது.

அமெரிக்காவில் வின்செஸ்டர் நிறுவனம் 1936-இல் கொண்டுவந்த மாடல் 70 இதே நகத்தோடு வந்தது. செலவைக் குறைக்க 1964-இல் நகத்தைக் கைவிட்டார்கள். வேட்டைக்காரர்கள் மன்னிக்கவில்லை, 64-க்கு முந்தியது, பிந்தியது என்று அந்தத் துவக்குகளை இன்றுவரை பிரித்தே பேசுகிறார்கள், முந்தியதற்கு அதிக விலையும் கொடுக்கிறார்கள். 1990-களில் நகம் திரும்பி வந்தது. ஆனால் எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. நகம் தோட்டாவின் விளிம்பைக் கவ்வ வேண்டுமானால் போல்ட்டின் முகத்தில் ஒரு பக்கம் திறந்தே இருக்கவேண்டும். ரெமிங்டன் 1948-இல் கொண்டுவந்து, 1962-இல் 700 என்ற பெயரில் செம்மைப்படுத்திய அமைப்பில், போல்ட்டின் முகம் ஒரு கிண்ணம்போல் தோட்டாவின் அடியை முழு வட்டமாகச் சூழ்ந்துகொள்கிறது. உறை கிழிந்தால் தாங்குவதற்கு அந்த வளையம் மேலானது. பதறும் கைக்கு ஒரு விடை, கிழியும் பித்தளைக்கு இன்னொரு விடை. இரண்டையும் ஒரே போல்ட்டின் முகத்தில் முழுமையாகப் பெற முடியாது.

இனி டிக்கா. பின்லாந்தின் ரிகிமாகி நகரில், சாக்கோ நிறுவனத்தின் ஆலையில் பிறப்பது. அதை வடிவமைத்தவர்களின் காலத்தில் நல்ல பித்தளை கிடைத்தது. அவர்கள் பயந்தது ஒரு துவக்குக்கும் அடுத்த துவக்குக்கும் இடையிலான வேறுபாட்டுக்கும், விலைக்கும். மௌசரின் உடலை, அடித்து உருவாக்கிய உருக்குக் கட்டியில் இருந்து பல படிகளில் கடைந்தெடுத்தார்கள். திறமையான கை பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். டிக்காவின் உடல் எளிய வடிவம், கணினி இயக்கும் எந்திரம் கடைவது. குட்டைத் தோட்டாவுக்கும் நீளத் தோட்டாவுக்கும் ஒரே நீள உடல்தான், உள்ளே சில பாகங்கள் மட்டும் மாறும். உறை வெளியேறும் வாசலும் சிறியது. வாசல் சிறியதாக இருந்தால் உடல் விறைப்பாக இருக்கும். ஆனால் குளிரில் விறைத்த விரல்களால் மேலிருந்து ஒரு தோட்டாவைத் திணிக்க முயன்றால் அதன் அருமை தெரியாது, எரிச்சல்தான் தெரியும்.

குழலின் உட்பகுதியில் சன்னத்தைச் சுழற்றும் புரிகளை உண்டாக்கும் முறை இன்னும் அழகானது. மிகக் கடினமான உலோகக் கோல் ஒன்றில் புரிகளின் தலைகீழ் வடிவம் இருக்கும். தடித்த குழலுக்குள் அதை நுழைத்து, வெளியே இருந்து சுத்தியல்கள் சுற்றிச்சுற்றி அடிக்க, குளிர்ந்த உருக்கு நீண்டு மெலிந்து கோலின்மேல் படிகிறது. கோலை உருவினால் புரிகள் கண்ணாடிபோல் உள்ளே நிற்கின்றன. அடுத்த குழலும் அதே கோலில் இருந்துதான் வருகிறது. மலிவான துவக்கு ஒன்று பெட்டியில் இருந்து எடுத்த அன்றே நேராகச் சுடுவதற்குப் பின்னால் இந்தச் சுத்தியல்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

விசையை இழுத்ததில் இருந்து ஊசி தட்டும்வரையான நேரத்திலும் நூறாண்டு முன்னேற்றம் தெரிகிறது. மௌசரின் கனத்த ஊசி நீண்ட தூரம் பாய்கிறது. ஏறத்தாழ 5 மில்லிவினாடி. இன்றைய துவக்குகள் பலவற்றில் அது 3-க்கு அருகே. அந்த இடைவெளியில் குழல் அசைந்தால் சன்னமும் அசைந்த பக்கம் போகும்.

கைபிடியை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதிலும் வித்தியாசம் உண்டு. மௌசரில் 90 பாகை, டிக்காவில் 70. மூன்று காதுகள் கொண்ட துவக்குகளில் 60 போதும். கடைக்காரர்கள் குறைந்த பாகையைப் பெரிதாகச் சொல்வார்கள். தொலைநோக்கியில் கைவிரல் இடிக்காது என்பது உண்மைதான். ஆனால் கைபிடி உயரும்போதே ஊசியின் சுருள்வில் அமுக்கப்படுகிறது. அதற்குத் தேவையான வேலை மாறாது. அதே வேலையைக் குறைந்த தூரத்தில் செய்தால் விசை கூடும்; செங்குத்தான ஏணியில் மூட்டை சுமப்பதுபோல. 60 பாகைக் கைபிடி சில துவக்குகளில் பசைபோட்டு ஒட்டியதுபோல் இறுக்கமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது இலக்குத் தாளுக்கு வருகிறேன். துவக்குக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது, நானும் ஆண்டுக்கணக்கில் ஏமாந்தேன். 100 மீட்டரில் மூன்று குண்டு சுட்டு, துளைகளுக்கு இடையிலான அதிகபட்சத் தூரத்தை அளந்து, என் துவக்கு 20 மில்லிமீட்டர் சுடுகிறது என்று சொல்வது வழக்கம். ஒரு துவக்கின் சிதறல், ஒவ்வொரு திசையிலும் 10 மில்லிமீட்டர் திட்டவிலக்கம் என்று வைத்துக்கொள்வோம். கணிதம் சொல்வது இது: மூன்று குண்டுத் தொகுதிகளின் சராசரி அளவு 24 மில்லிமீட்டர், ஐந்து சுட்டால் 31, பத்துச் சுட்டால் 38. துவக்கு மாறவில்லை, எண்ணிக்கை மட்டுமே மாறியது. மூன்று குண்டுத் தொகுதிகள் தம்முள்ளும் பெரிதாக ஆடும். அதே துவக்கு காலையில் 15 காட்டும், மதியம் 35 காட்டும். காலைத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மதியத் தாளை எறிந்துவிடுவது மனித இயல்பு. என் இரண்டு துவக்குகளையும் பல வாரங்களில் பத்துப் பத்தாகச் சுட்டு எல்லாத் தாள்களையும் சேர்த்தபோது, டிக்கா தெளிவாகவே முந்தியது. ஆனால் நான் நினைத்திருந்த அளவுக்கு அல்ல.

அந்த வித்தியாசம் காட்டில் என்ன பெறும்? பெருவிலங்கு வேட்டைக்குப் போகும் நோர்வே வேட்டைக்காரர் ஒவ்வோர் ஆண்டும் சூட்டுத் தேர்வில் தேறவேண்டும். முதலில் 30 பயிற்சிச் சூடுகள். பிறகு 100 மீட்டரில் விலங்கின் உருவம், அதில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். ஐந்து குண்டும் அதற்குள் விழவேண்டும். வட்டம் 300 மில்லிமீட்டர், என் துவக்குகளுக்கு இடையிலான வித்தியாசம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. அந்த வட்டத்தை நிரப்புவது என் மூச்சும் இதயத் துடிப்பும் விரலும்தான். இரண்டு துவக்குகளாலும் எனக்கு அந்தத் தேர்வில் தேறுவது எளிது. எந்தத் துவக்கு இருந்தாலும், மரத்தில் சாயாமல் நின்றபடி சுட்டால் எனக்கு அது கடினம்.

எடை அதைவிட முக்கியமானது. எல்க் வேட்டைக்கு 10 கிராம் அல்லது அதற்கு மேலான சன்னம் 100 மீட்டரில் குறைந்தது 2,200 ஜூல் ஆற்றலோடு போய்ச் சேரவேண்டும் என்பது இங்கே விதி. எனது தோட்டாவில் 10.1 கிராம் சன்னம், குழல்வாயில் வினாடிக்கு ஏறத்தாழ 770 மீட்டர். சன்னத்தின் உந்தத்தோடு பின்னால் சீறும் வாயுவின் உந்தத்தையும் சேர்த்து நியூட்டனின் மூன்றாம் விதியைப் போட்டால், 3.5 கிலோ டிக்கா என் தோளை நோக்கி வினாடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் ஆற்றல் 18 ஜூல். 4.2 கிலோ மௌசரில் அது 15. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம், ஆனால் உடல் இந்த உதையை முன்கூட்டியே எதிர்பார்த்துக் கண்ணை மூடப் பழகிவிடுகிறது, அந்தப் பழக்கம் எந்தக் குழலின் நேர்த்தியையும் கெடுத்துவிடும். மறுபுறம், சதுப்பு நிலத்தில் எட்டுக் கிலோமீட்டர் நடந்த பிறகு அந்த 700 கிராம் தோளில் எவ்வளவு கனக்கும் என்று எந்தச் சமன்பாடும் சொல்வதில்லை.

மரக்கட்டையைப் பற்றியும் ஒன்று. என் மௌசரின் வால்நட் கட்டை கைக்கு இதமானது. மைனஸ் 15 பாகையில் பிளாஸ்டிக்கைவிடக் கன்னத்துக்கு அன்பானது. ஆனால் மரம் ஈரத்தைக் குடிக்கும். மழை மிகுந்த ஓர் இலையுதிர் பருவத்தில் கட்டை வீங்கி, குழலை ஒரு பக்கமாக அழுத்தி, குண்டுகள் ஒரு கை அகலம் இடப்பக்கம் போயின. குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு நூறு குரோனர் நோட்டு தடையின்றி ஓடவேண்டும் என்பது இங்குள்ளவர்களின் சோதனை. என்னுடையதில் அது பாதியில் நின்றது. உப்புத்தாளால் மெல்ல மெல்லத் தேய்த்து இடம்விட்டேன். டிக்காவின் செயற்கைக் கட்டையில் இந்தக் கவலை இல்லை.

குளிர் இரண்டையும் சமமாகத் தண்டிக்கும். போல்ட்டுக்குள் எண்ணெய் அதிகமாக இருந்தால் அது மைனஸ் 20-இல் தேன்போல் இறுகி, ஊசியின் வேகத்தைத் தின்றுவிடும்; டிக் என்ற ஓசை மட்டும் கேட்கும், தோட்டா வெடிக்காது. வேட்டைக்கு முந்தின நாள் போல்ட்டின் உட்புறத்தைக் கரைப்பானால் கழுவி உலரவிடுகிறேன். சூடான வீட்டுக்குள் கொண்டுவந்ததும் குளிர்ந்த உருக்கு வியர்க்கும். உடனே துடைத்துப் பூட்டிவிடாமல், போல்ட்டைக் கழற்றி, வியர்வை நிற்கும்வரை அருகில் இருந்து காத்திருக்க வேண்டும். அதற்குப் பொறுமையில்லாதவரின் துவக்கு துருப்பிடிக்கும்.

பாதுகாப்புத் தாழில் நான் தயங்காமல் மௌசரின் பக்கம். அதன் சிறகு மூன்று நிலைகளில் நிற்கும். நடு நிலையில் ஊசியே பூட்டப்பட்டிருக்கும், ஆனாலும் போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்கலாம். டிக்காவில் இரண்டே நிலை; பூட்டினால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். புதருக்குள் நடக்கும்போது கைபிடி தற்செயலாகத் திறக்காது என்பது நல்லது. ஆனால் தோட்டாவை எடுக்க வேண்டுமானால் சுடும் நிலைக்கு மாற்றியே ஆகவேண்டும். களைத்த மாலையில், நாய்களும் மனிதர்களும் சுற்றி நிற்கும்போது, அந்த இரண்டு வினாடிகள் எனக்குப் பிடிப்பதில்லை. குழல் எங்கே பார்க்கிறது என்று அப்போது இருமுறை பார்க்கிறேன்.

எல்க் வேட்டை செப்டம்பர் 25-இல் தொடங்குகிறது. மழை முன்னறிவிப்பு இருந்தால் டிக்காவை எடுக்கிறேன். உண்மையில் பெரும்பாலான நாட்களில் அதைத்தான். மௌசர் போவது உலர்ந்த காலைகளில், நடை குறைந்த இடங்களுக்கு. அதில் உறையை வெளியே எறியும் வேகம் என் கையைப் பொறுத்தது. மெதுவாக இழுத்தால் வெற்று உறை நகத்தின் பிடியிலேயே வெளியே வந்து, சூடாக என் உள்ளங்கையில் விழும். டிக்காவில் சுருள்வில் தள்ளிவிடும், பாசிக்குள் தேடவேண்டும்.

என் மகள் இந்த ஆண்டு வேட்டைத் தேர்வுக்குப் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மௌசரின் போல்ட்டைச் சமையலறை மேசையில் துணி விரித்துக் கழற்றிக் காட்டினேன். எந்தக் கருவியும் இல்லாமல் கையாலேயே கழற்றலாம். நகத்தை உடனே புரிந்துகொண்டாள். மூன்றாவது காதைக் கேட்காமலே கண்டுபிடித்தாள். பிறகு போல்ட்டின் வெற்றுடலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இந்த ரெண்டு ஓட்டையும் என்னத்துக்கு வைச்சிருக்கினம்? எண்ணெய் விடவோ?"

"இல்லைப் பிள்ளை, உன்ர கண்ணுக்கு."

அவள் ஒரு துளையை விரலால் மூடி, குழாயின் பின்முனையில் வாயை வைத்து ஊதிப் பார்த்தாள். மற்றத் துளையால் காற்றுப் போனது.